காரணம் (மூன்று வரிகளுக்கு மிகாமல்)

கிரிம்ஸ்பி நகர்மன்ற அலுவலகம், நான்காம் சன்னல்.
பெயர் மாற்றக் காரணம் என்று கேட்டு
படிவத்தில் மூன்று கோடுகள் விட்டிருக்கிறார்கள்.
பேனாவைச் சங்கிலியில் கட்டியிருக்கிறார்கள்.
சங்கிலி குட்டை.

இருபத்தாறு வருடம் லொரெய்ன் ஸ்கெல்டன்.
பேருந்து ஓட்டும்போது சட்டையில் குத்திய தகட்டில் ஸ்கெல்டன்,
மின்கட்டண ரசீதில் ஸ்கெல்டன்,
நாய்க்கு ஊசி போட்ட அட்டையில்கூட.
அவர் போய்விட்டார். நாயும் போய்விட்டது, அது வயதாகி.
பெயர் மட்டும் வாடகை தராமல் தங்கியிருக்கிறது.

மறுபடி பாக்ஸ்டர் ஆக வேண்டும்.

அப்பா வில்ஃப்ரட், மீன்துறையில் பெட்டி அடுக்கியவர்,
ஒரு பிஸ்கட் டப்பாவில் பாக்ஸ்டர்களைச் சேர்த்து வைத்திருந்தார்.
செய்தித்தாள் துணுக்குகள், கல்லறை எழுத்தின் பென்சில் நகல்கள்.
திமிங்கில வேட்டைக்குப் போய்
மூன்று விரல்களைப் பனிக்கடலில் விட்டுவந்த ஜோசையா பாக்ஸ்டர்.
வெள்ளத்தில் படகேறிப் பிரசங்கம் செய்த போதகர் ஒபதையா பாக்ஸ்டர்;
கேட்டவை பெரும்பாலும் பசுக்கள்.
லிங்கன்ஷயருக்காக ஒரே ஒரு ஆட்டம் ஆடி
இரண்டு இன்னிங்ஸிலும் பூஜ்யம் எடுத்த செப்டிமஸ்.
அப்பாவுக்கு அதிலும் பெருமைதான்:
‘இரண்டு தடவையும் முதல் பந்திலேயே!’

டப்பாவில் ஒரு பெண் கிடையாது.
மூடும்போதெல்லாம் என்னைப் பார்த்து
‘உன்னோடு முடிந்தது’ என்பார்.
கோபமில்லை. மழை வரும்போலிருக்கிறது என்பதுபோல.

போன மாதம் லிங்கன் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன்.
கையுறை கேட்டேன். வேண்டாம், கை கழுவினால் போதும் என்றார்கள்.
தோலில் எழுதிய கணக்கு, பழுப்பேறிய மை.
அங்கே வேலை பார்க்கும் அகஸ்டா பின்ச்பெக்
ஏட்டைத் தொடாமல் விரலால் காட்டினாள்:
எம்மோட் பாக்ஸ்டர்.
ரொட்டி எடை குறைந்ததற்குத் தண்டம், இரண்டு பென்னி.

‘எம்மோட் ஆண்பிள்ளையா?’
‘பெண்.’
‘புருஷன் பாக்ஸ்டரா?’
‘அவளேதான். சுடுகிறவன் பேக்கர், சுடுகிறவள் பாக்ஸ்டர்.
அந்த வால் இருக்கிறதே, ‘ஸ்டர்’,
ஒரு காலத்தில் பெண்பால் விகுதி.
பிறகு ஆண்களும் போட்டுக்கொண்டார்கள்.’

அவசரத்தில் மனைவியின் மேலங்கியை மாட்டிக்கொண்டு
பால்காரனுக்குக் கதவு திறக்கப் போனவன்போல
அறுநூறு வருடம் அப்படியே தெருவில் நடந்திருக்கிறார்கள்!

ஜோசையா, ரொட்டி சுடுகிறவள்.
பசுக்களுக்கு மீட்பை அறிவித்தவர், ரொட்டி சுடுகிறவள்.
மட்டையை அக்குளில் இடுக்கித் தலைகுனிந்து திரும்பும் செப்டிமஸ்,
ரொட்டி சுடுகிறவள்.
பனிக்கட்டிப் பெட்டிகள் நடுவே
மூச்சு புகைய நிற்கும் என் அப்பா...

சிரித்துவிட்டேன். வாசிப்பறையில் மூன்று தலைகள் திரும்பின.

இவள்தான் உங்கள் மூதாதை என்று சொல்ல முடியாது,
ஊருக்கு ஊர் ரொட்டி சுட்டார்கள் என்றாள் பின்ச்பெக்.
சரி என்றேன்.
ஆனாலும் வண்டி ஓட்டும்போது எம்மோட்டையே நினைத்தேன்.
கோதுமை விலை ஏறிய வருடமா,
வீட்டில் ஒரு வாய் கூடியிருந்ததா,
இல்லை, சும்மா ஏமாற்றினாளா?
ஏமாற்றியிருக்கட்டும்.
ஒழுங்காகச் சுட்டிருந்தால்
அவள் பெயரை யார் எழுதிவைத்திருப்பார்கள்?

சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் போய்விட்டேன்.
எனக்கும் தண்டம் வரும். ஸ்கெல்டன் பெயருக்கு.

‘எழுதியாச்சா?’ என்கிறது சன்னல்.
இதெல்லாம் மூன்று கோட்டில் அடங்காது.
முதல் கோட்டில் ‘சொந்தக் காரணம்’.
மற்ற இரண்டும் காலி.
முத்திரை விழுந்தது, கொஞ்சம் கோணலாக.

வரும் வழியில் எண்ணூறு கிராம் ரொட்டி ஒன்று வாங்கி
சமையலறைத் தராசில் வைத்தேன்.
எழுநூற்று எண்பத்து மூன்று.
உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
சுட்டவர் பெயர் எங்கும் இல்லை.